மாதிரிப் பலகையில் ஒன்று குறைகிறது

அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்து நான்கு போதை மாத்திரைகள் இருந்தன. அத்தனையும் சாக்கட்டித் தூளைப் பிசைந்து பிடித்து வண்ணம் பூசியவை. துறை அனுப்பிவைத்த மரப்பலகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. குழிக்குக் கீழே அதன் பெயர். பெயருக்குக் கீழே ஒரு மண்டையோடு. அதை மாதிரிப் பலகை என்றார்கள். தலைமையாசிரியையின் அறையில், இரும்பு அலமாரிக்குள், இரண்டு பூட்டுகளுக்குப் பின்னால் அது இருந்தது. ஒரு சாவி தலைமையாசிரியையின் கைப்பையில். இன்னொன்று விளையாட்டு ஆசிரியரின் கழுத்தில், விசிலோடு சேர்ந்து தொங்கியது. அவர் ஓடும்போது இரண்டும் உரசிச் சத்தம் வரும். பள்ளி பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தம்தான் அத்தாட்சி.

இதெல்லாம் போன வருடம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்பக்கக் கழிப்பறையில் செத்துக் கிடந்தான். வலிக்கு என்று செய்து, போதைக்கு என்று விற்கப்படும் மாத்திரை. உதடு நீலமாக இருந்ததாம். எங்கே வாங்கினான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். ஆகவே போதைத் தடுப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். குழுவின் முதல் நடவடிக்கை, அந்தக் கழிப்பறையைப் பூட்டியது. இரண்டாவது, பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளிச் சாலையின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எந்த மாத்திரையும் வரக்கூடாது, தலைவலி மாத்திரைகூட. மூன்றாவது, மாதிரிப் பலகை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் தினமும் ஸ்கூட்டரில் வந்து நிற்பான். தலையிலிருந்து ஹெல்மெட்டை எடுக்க மாட்டான். அதனால் ஹெல்மெட் என்றே பெயர். மதிய இடைவேளையில் பெரிய வகுப்புப் பையன்கள் அவனிடம் போய்க் கைகுலுக்கிவிட்டு வருவார்கள். கைகுலுக்கல் கொஞ்சம் நீளமாக இருக்கும். குழு அவனைப் பற்றி ஒரு கூட்டம் முழுக்க விவாதித்தது. ஒரு நாள்கூட அவன் கோட்டைத் தாண்டியதில்லை என்பது தெரியவந்ததும், கோடு நன்றாக வேலை செய்கிறது என்று முடிவெடுத்துக் கலைந்தது.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும் தினமும் அதே கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. பஸ்ஸிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் திருகியிருந்தார்கள். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று தலைமையாசிரியை ஆள் அனுப்பியதால், கம்பியோடும் ஊன்றுகட்டையோடும் வந்துகொண்டிருந்தாள். வலிக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். எழுதும்போதே எச்சரித்தார்: இது சாதாரண மாத்திரை இல்லை, பூட்டி வையுங்கள், ஒவ்வொன்றாக நீங்களே எடுத்துக் கொடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளை யாராவது வாயில் போட்டால் மூச்சே நின்றுவிடும். மெக்கானிக் வேறு பூட்டு இல்லாமல், ஸ்பானர் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தினமும் மதியம் ஒரே ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். மகள் கட்டையை ஊன்றி வாசலைக் கடந்து, கோட்டைக் கடந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவாள்.

அப்படி அங்கே மூன்று பேர் நிற்பார்கள். அப்பா, மகள், ஹெல்மெட். முதல் வாரத்தில் ஹெல்மெட் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்குகிறீர்கள், அங்கே ஏமாற்றுவார்கள் என்று அக்கறையாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் வந்தால் மெக்கானிக் திரும்பி நின்றுகொள்வார்.

அன்று மழை. காலையிலிருந்து மகளுக்குக் கால் வீங்கியிருந்தது. இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் வந்து போன பிறகும் அவள் வரவில்லை. மெக்கானிக் கோட்டின் மேலேயே நின்று பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் வாட்ச்மேனிடம் சொன்னார். ஈரத்தரையில் கட்டை வழுக்குகிறது, அந்தப் பெண்ணால் வர முடியாது என்று வாட்ச்மேனுக்கும் தெரிந்திருந்தது.

"உள்ள போயிட்டு சட்டுனு வந்துடுங்க. யாராவது கேட்டா லிஃப்ட் பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

"இங்க லிஃப்டே இல்லையே?"

"அது அவங்களுக்கு எங்க தெரியப் போகுது."

மெக்கானிக் உள்ளே போனார். பிள்ளைகள் எல்லோரும் பெரிய ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மாதாந்தரத் தொட்டறிதல் நிகழ்ச்சி. துறையிலிருந்து விழிப்புணர்வு அதிகாரி வந்திருந்தார். மகள் கடைசி வரிசை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சட்டைக் காலரைப் பல்லில் கடித்திருந்தாள். வலி அதிகமானால் அப்படித்தான் செய்வாள்.

"லிஃப்டுல மாட்டுனவங்களை எல்லாம் வெளிய எடுக்கிறேப்பா," என்றாள். "என்னைய இங்கேருந்து எடுக்க மாட்டேங்கிறியே."

"லிஃப்டுக்கு ஒரு சாவி இருக்கும்மா. இதுக்கு எதுன்னே தெரியல. வாயைத் திற."

அவர் சட்டைப் பையில் கைவிட்ட நேரத்தில் விசில் ஊதியது. நீளமாக, மூச்சு முடியும்வரை. பிறகு வாசல் கேட் இழுபட்டு மூடும் சத்தம் கேட்டது.

மாதிரிப் பலகையில் இருபத்து மூன்றுதான் இருந்தது.

*

தொட்டறிதல் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். பலகையை மேடையில் வைப்பார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து, கண்ணை மூடி, ஒவ்வொரு குழியிலும் விரலை வைத்து, "தொட்டேன், அறிந்தேன், இனித் தொடமாட்டேன்" என்று சொல்ல வேண்டும். முளையிலேயே தொடங்க வேண்டும் என்பதால் ஒன்றாம் வகுப்பு முதலில் வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தொட்ட விரலை நக்கிப் பார்க்கும். சில பிள்ளைகள் விரலுக்கு வேலை வைக்காமல் நேராகப் பலகையையே நக்கும். ஒன்றாம் வகுப்பு முடிந்து போனால் மாத்திரைகளின் வண்ணம் போயிருக்கும். ஈரக்காற்றால் வண்ணம் மங்குவதாகக் குழு துறைக்குத் தெரிவித்திருந்தது.

அன்று காலையில் ஒன்றாம் வகுப்புக்கு ஒத்திகை நடந்தது. ஒத்திகை முடிந்து நிகழ்ச்சிக்கு முன் எண்ணியபோதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு குழி காலியாக இருந்தது. வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. அது எங்கே போயிருக்கும் என்று ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதிரியைத் தின்னலாம் என்று விதியில் இல்லாததால், யாரும் தின்றிருக்க முடியாது.

தலைமையாசிரியை அதிகாரியின் காதருகே குனிந்து, ஓவிய ஆசிரியரிடம் சொன்னால் ஒரு சாக்கட்டியைச் செதுக்கி வட்டமாகச் செய்துவிடுவார் என்றார். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"துறையோட மாதிரியைக் கள்ளத்தனமா தயாரிக்கச் சொல்றீங்களா மேடம்? அது போலி."

"இருக்கிறதும் போலிதானே சார்?"

"அது அங்கீகரிச்ச போலி."

பிறகு அவர் மைக்கைப் பிடித்தார். அரைமணி நேரம் பேசினார். போதை என்பது ஒரு கொடிய அரக்கன் என்று ஆரம்பித்து, அந்த அரக்கனை ஒழிக்கத் துறை இதுவரை எத்தனை பலகைகள் செய்திருக்கிறது என்று சொன்னார். பலகைகளின் மரம் எப்படிப்பட்டது என்றும் சொன்னார். கரையான் அரிக்காதாம். பேச்சின் நடுவே ஒரு இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுத்தது.

"சாக்கட்டிதானேன்னு சில பேர் நினைக்கலாம். நிஜ மாத்திரை ஊர்ல எவ்வளவு சுத்துதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. அதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த இருபத்து நாலுக்கு நான் பதில் சொல்லணும். அதனால இதுதான் எனக்கு நிஜம்."

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். எண்ணிக்கை சரியாகும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று அவர் அறிவித்தார். அந்த ஒருவரில் அவரும் அடக்கம் என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தியாகக் களை இருந்தது.

மெக்கானிக் கடைசி பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கையைப் பையருகே கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் விளையாட்டு ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். வாயில் எதையாவது போடுகிறவர்களைக் கண்காணிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. மகள் காலரை விட்டுவிட்டுப் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்பா?"

"சோதனை போடுறாங்க. முடிஞ்சதும் குடுத்துடுறேன்."

"உன் பையையும் பாப்பாங்கல்ல?"

அவர் அதை அதுவரை யோசிக்கவில்லை. ஜன்னல்களைப் பார்த்தார். கம்பி. கதவைப் பார்த்தார். தலைமையாசிரியை அதன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பி இடைவெளியில் தூரத்தில் மழையும் மஞ்சள் கோடும் தெரிந்தன, கோட்டுக்கு அப்பால் மழைக்கோட்டோடு ஹெல்மெட் நின்றிருந்தான்.

சோதனை பெரிய வகுப்பிலிருந்து தொடங்கியது. எல்லோரும் பையைக் கவிழ்த்துப் பெஞ்சில் கொட்ட வேண்டும், காலணியைக் கழற்ற வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் சாக்ஸுக்குள்ளிருந்து ஒரு முழு மாத்திரைப் பட்டை வந்தது. விளையாட்டு ஆசிரியர் அதை உயர்த்திப் பிடித்தார். பையன் வெளிறிப்போய் நின்றான். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது.

அதிகாரி கீழே இறங்கி வந்து பட்டையைக் கிட்டத்தில் பார்த்தார்.

"நம்ம கிட்ட காணாமப் போனது எத்தனை?"

"ஒண்ணு சார்."

"இது?"

"பத்து இருக்கும் சார்."

"அப்ப இது இல்ல. திருப்பிக் குடுங்க."

"சார், இது வந்து..."

"மாஸ்டர், ஒண்ணு கவனிங்க. இதை நான் பாத்தா எழுதணும். எழுதினா இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த போதையில்லாப் பள்ளிச் சான்றிதழைத் திரும்ப வாங்கணும். அந்தச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது நான். எனக்கு இப்ப எதுவும் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

விளையாட்டு ஆசிரியர் பட்டையைப் பையனிடமே கொடுத்தார். பையன் அதைத் திரும்ப சாக்ஸில் வைத்தான். பதற்றத்தில் வேறு காலில் வைத்துவிட்டான். ஷூ லேஸை ஒழுங்காகக் கட்டாததற்காக அவனை ஒரு அறை அறைந்துவிட்டு விளையாட்டு ஆசிரியர் அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

கடைசியில் மெக்கானிக்கிடம் வந்தார்கள். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் வந்தது. காகிதத்திலிருந்து ஒரு மாத்திரை வந்தது. வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு.

விளையாட்டு ஆசிரியர் விசிலை எடுத்தார். அதிகாரி கையமர்த்தினார்.

"யாரு நீங்க?"

"இந்தப் பொண்ணோட அப்பாங்க. இது அவளோட மருந்து. கால் ஆபரேஷன் வலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது. டைம் ஆயிடுச்சு சார், குடுத்துட்டுப் போயிடுறேன்."

அதிகாரி மருந்தின் பெயரைக் கேட்டார். மெக்கானிக் சொன்னார். அந்தப் பெயர் பலகையில் மூன்றாவது வரிசையில், காலிக் குழிக்குக் கீழே, மண்டையோட்டுக்கு மேலே எழுதியிருந்தது. தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

அதிகாரி பொறுமைசாலி. மெக்கானிக்கின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், இருக்கிற இரண்டு வழிகளையும் விளக்கினார்.

"நிஜம்னு சொன்னீங்கன்னா, தடை செஞ்ச இடத்துக்குள்ள நிஜச் சரக்கு கொண்டு வந்திருக்கீங்க. உங்க மேல கேஸ். யாருக்குக் கொண்டு வந்தீங்களோ அந்தப் பொண்ணு பேரை ரிஜிஸ்டர்லேருந்து எடுத்துடணும். மாதிரின்னு சொன்னீங்கன்னா, காணாமப் போனது கிடைச்சுடுச்சு. அவ்வளவுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் யாரையும் வற்புறுத்துற ஆள் இல்ல."

"மாதிரின்னு சொல்லிடுங்களேன்," என்றார் தலைமையாசிரியை. "உங்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு இது இருபது வருஷ சர்வீஸ்."

மெக்கானிக் மகளைப் பார்த்தார். அவள் பெஞ்சில் தலையைச் சாய்த்திருந்தாள். உதட்டுக்கு மேலே வியர்த்திருந்தது. எதையாவது சொல்லி மாத்திரையைத் திரும்ப வாங்கினால் போதும் என்று அவருக்கு இருந்தது.

"மாதிரிதாங்க," என்றார்.

"சத்தமா."

"மாதிரி."

விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதினார். இந்தத் தடவை சின்னதாக. தலைமையாசிரியை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் கையை நீட்டினார்.

"சரிங்க சார், சொல்லிட்டேன். இப்ப குடுங்க. அவ போடணும்."

"எதை?"

"மாத்திரையை."

"மாதிரியை எதுக்குப் போடணும்? சாக்கட்டி உடம்புக்கு ஆகாது."

அதிகாரி மாத்திரையை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய், மூன்றாவது வரிசையில் காலிக் குழியில் வைத்தார். குழி கொஞ்சம் பெரிதாக இருந்தது. மாத்திரை உள்ளே ஆடியது.

"சின்னதா இருக்கே," என்றார்.

"மழைக்குச் சுருங்கியிருக்கும் சார்," என்றார் தலைமையாசிரியை.

விளையாட்டு ஆசிரியர் எண்ணினார். இருபத்து நான்கு.

*

கேட்டைத் திறப்பார்கள் என்று மெக்கானிக் நினைத்தார். எண்ணிக்கை சரியாகிவிட்டதால் நிகழ்ச்சி தொடங்கும் என்று அதிகாரி அறிவித்தார். நிகழ்ச்சி நடக்கும்போது கேட் மூடியிருக்க வேண்டும். முதலில் ஒன்றாம் வகுப்பு.

சின்னப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில்போல வந்தார்கள். முன்னால் வந்த பிள்ளை ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தது. விரல் வாயில் இருந்தது.

அப்போதுதான் மெக்கானிக்குக்குப் புரிந்தது. டாக்டர் சொன்ன வார்த்தை அப்படியே காதில் கேட்டது. பெஞ்சுகளுக்கு நடுவே ஓடினார். மேடைக்கு ஏறும் படியில் விளையாட்டு ஆசிரியர் அவரை மடக்கி, பின்னாலிருந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கபடி ஆடிய கை.

"சார், அது நிஜ மாத்திரை சார். அந்தப் பிள்ளைங்க நக்கும் சார்."

"பிள்ளைகள் நக்குவதாகப் பதிவு எதுவும் இல்லை," என்றார் தலைமையாசிரியை.

"அது என் பொண்ணோடது. நான் பொய் சொன்னேன். கேஸ் போட்டுக்குங்க. என்ன வேணா பண்ணிக்குங்க. அதை மட்டும் எடுத்துடுங்க."

அதிகாரி பலகையைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கும் சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. பலகையின் மூலையில் துறையின் முத்திரை குத்தியிருந்தது. முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"இந்தப் பலகையில இருக்கிறது எல்லாம் மாதிரின்னு முத்திரை இருக்கு. முத்திரை இருக்கிற பலகையில நிஜம் எப்படி இருக்க முடியும்? அதுவும் போக, மாதிரின்னு வாயால சொன்னது நீங்க. எல்லாரும் கேட்டாங்க." பிறகு மைக்கில் குனிந்தார். "பிள்ளைகளே, இவரைப் பாருங்க. எவ்வளவு பயம். எவ்வளவு நடுக்கம். சாக்கட்டியைப் பாத்தே ஒரு பெற்றோர் இப்படிப் பதறுறாருன்னா, நம்ம நிகழ்ச்சி எவ்வளவு ஆழமாப் போய்ச் சேந்திருக்குன்னு நினைச்சுப் பாருங்க. அவருக்கு ஒரு கைதட்டு."

பிள்ளைகள் கைதட்டின. ஆசிரியர்களும் தட்டினார்கள். மெக்கானிக் உதறிப் பார்த்தார். பிடி இறுகியது. கொஞ்சம் அமைதியாக இருங்கள் அண்ணே, நம்ம பிள்ளைகளுக்காகத்தானே எல்லாம் என்று விளையாட்டு ஆசிரியர் அவர் காதில் ஆறுதல் சொன்னார். முதல் பிள்ளை முதல் வரிசையைத் தொட்டு முடித்துவிட்டது. விரலை நக்கிவிட்டு இரண்டாவது வரிசைக்குப் போனது.

பின்னால் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது.

காலையிலிருந்து கழிப்பறைக்குக்கூட எழுந்து போகாத பெண், பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். நடக்கும்போது முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அப்பாவைக் கடந்தபோது அவரைப் பார்க்கவில்லை. படியில் கட்டையை முதலில் வைத்தாள், பிறகு நல்ல காலை, பிறகு மற்றதை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. கால் முடியாத பிள்ளையைத் தடுத்தால் பார்க்க நன்றாக இருக்காது.

அதிகாரி பூரித்துப்போனார். தானே போய் அவளைக் கைபிடித்து ஏற்றினார். ஒன்றாம் வகுப்பு ரயிலை நிறுத்தச் சொன்னார். இந்த மாணவியின் ஆர்வத்தைப் பாருங்கள், நடக்க முடியாத நிலையிலும் விழிப்புணர்வை நாடி வந்திருக்கிறாள், இவளுக்கு முதல் வாய்ப்பு என்று மைக்கில் சொன்னார். வரிசையின் முன்னால் இருந்த பிள்ளையை ஓரமாகத் தள்ளி நிற்க வைத்தார்கள்.

மகள் கண்ணை மூடினாள். மூன்றாவது வரிசையில் கையை வைத்தாள்.

"தொட்டேன்," என்றாள். "அறிந்தேன்."

பிறகு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் இல்லாததால் விழுங்கச் சிரமப்பட்டாள். தலையை அண்ணாந்து இரண்டு முறை முயன்று விழுங்கினாள். மைக் அருகில் இருந்ததால் அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

விளையாட்டு ஆசிரியரின் பிடி தானாக விட்டுப்போனது. பழக்க தோஷத்தில் அதிகாரியின் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"மூணாவது வரியைச் சொல்லலையே. இனித் தொடமாட்டேன்னு."

"அதைச் சொல்ல முடியாது சார்," என்றாள் மகள். "நாளைக்கு மத்தியானமும் போடணும். டாக்டர் சொல்லியிருக்காரு."

*

விசில் ஊதினார்கள். கேட்டுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் குழு அவசரமாகக் கூடியது. பெண் விழுங்கியது நிஜம் என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றார் ஓவிய ஆசிரியர். நிஜம் என்று யார் சொன்னது என்று கேட்டார் அதிகாரி. யாரும் சொல்லவில்லை. சாக்கட்டி என்றால் பரவாயில்லை, அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் தலைமையாசிரியை. துறையின் சொத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாணவி வெளியே போவதா என்று கேட்டார் அதிகாரி. சாக்கட்டி கரையாது. வயிற்றில் போனது எப்படியும் ஒரு வழியாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். அதுவரை காத்திருப்பது, வந்ததும் கழுவி எண்ணிக்கையில் சேர்ப்பது என்று ஒருமனதாக முடிவானது. அதற்கு ஒரு பாத்திரம் வாங்கிவர வேண்டும் என்றார்கள். கேட் பூட்டியிருந்ததால் யாராலும் போக முடியவில்லை.

மெக்கானிக்கையும் மகளையும் நோயாளி அறையில் வைத்தார்கள். அங்கே ஒரு கட்டிலும், ஒரு காலி மருந்து அலமாரியும் இருந்தன. மகள் கட்டிலில் படுத்துக் காலை அப்பாவின் மடியில் போட்டாள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மெல்ல மெல்லக் கை தளர்ந்தது. நெற்றி விரிந்தது.

"குறையுதாம்மா?"

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "சாக்கட்டி நல்லா வேலை செய்யுதுப்பா," என்றாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு நிற்க நேரம் ஆனது. நின்றபோது அவள் தூங்கியிருந்தாள்.

தலைமையாசிரியை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தூங்கும் பெண்ணை வெகுநேரம் பார்த்தார். உள்ளே வரவில்லை. திரும்பிப் போய் அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டது தாழ்வாரத்தில் எதிரொலித்தது.

"சாக்கட்டி தின்னா தூக்கம் வருமா சார்?"

அதிகாரியும் வந்து எட்டிப் பார்த்தார். மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். லிஃப்ட் பிடி நழுவிக் கீழே போகத் தொடங்கும்போது உள்ளே இருப்பவர்களின் முகம் அப்படி இருக்கும். ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தார். அதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

சிறிது நேரத்தில் ஹாலிலிருந்து மைக் சத்தம் கேட்டது. துறையின் மாதிரிகள் எந்த அளவுக்குத் தத்ரூபமானவை என்பதற்கு இன்று ஒரு நிரூபணம் கிடைத்திருக்கிறது என்றார் அதிகாரி. வெறும் சாக்கட்டி ஒரு மாணவிக்கு வலியைப் போக்கி, நிம்மதியான உறக்கத்தைக் கொடுத்திருக்கிறது. இந்தப் பலகைகளை இன்னும் பல பள்ளிகளுக்கு அனுப்பப் பரிந்துரைக்கப் போகிறேன். அந்த மாணவியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. அவள் இங்கேயே இருப்பாள்.

மெக்கானிக் மகளின் காலை மெதுவாகத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டுக் கதவுக்கு வந்தார். வாட்ச்மேன் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள்.

"நாளைக்குப் போட வேண்டியது வீட்டுல இருக்கு," என்றார் மெக்கானிக். "போய் எடுத்துட்டு வந்துடுறேன்."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "நீங்க போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க. மாத்திரையோட வந்தா கோட்டையே தாண்ட விட மாட்டாங்க. பொண்ணு இங்கதான் இருக்கும். பாத்துக்குங்க."

"எப்பதான் திறப்பாங்க?"

"எண்ணிக்கை சரியானதும்."

"அது சரியாகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது. எண்ணுறது நான் இல்லையே."

மெக்கானிக் உள்ளே வந்து உட்கார்ந்தார். மகளின் காலைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நாளை மதியம் வரைக்கும் இந்தத் தூக்கம் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், தாங்காது. மழை விட்டிருந்தது. ஹாலில் விளையாட்டு ஆசிரியரின் குரல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்து மூன்று வரைக்கும் வந்து நின்றது. யாரோ இருமினார்கள். பிறகு ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.